இசட்எக்ஸ்80: நடுவில் நிற்கும் அந்த எக்ஸ்

பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்களில் எனக்கு ரொம்பப் பிடித்த பெயர் இசட்எக்ஸ்80. கிளைவ் சின்க்ளேரின் கேம்பிரிட்ஜ் கம்பெனி 1980இல் கொண்டுவந்தது. உதிரிபாகங்களாக வாங்கி நாமே சால்டர் வைத்தால் 79.95 பவுண்டு, முழுதாக வாங்கினால் 99.95.

80 என்றதும் பலரும் ஆண்டு என்றுதான் நினைக்கிறார்கள். அதுவும் பொருந்துகிறது, ஆனால் வேர் வேறு. உள்ளே ஓடுவது இசட்80 வகைச் சிப். இன்டெல்லில் 8080 சிப் உருவாகக் காரணமாக இருந்த ஃபெடரிகோ ஃபாஜின், வெளியே வந்து ஸைலாக் கம்பெனியைத் தொடங்கி 1976இல் கொடுத்ததுதான் இசட்80. 8080க்கு எழுதிய புரோகிராம் இதிலும் ஓடும். பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்போமே, அந்த மாதிரி இந்த 80 மூன்று தலைமுறையாக இறங்கி வந்திருக்கிறது.

சரி, நடுவில் எதற்கு எக்ஸ்? 'கூடுதலாகச் சேர்த்த ஏதோ ஒன்று' என்பதுதான் சொல்லப்பட்ட விளக்கம். விற்பனைக்காக வைத்த எழுத்து என்று சிலர் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. அந்த மெஷினுக்குள் எக்ஸ் என்று விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒன்று நிஜமாகவே இருக்கிறது.

இசட்எக்ஸ்80இல் படம் காட்டத் தனிச் சிப் கிடையாது. கணக்குப் போடும் அதே சிப்தான் டிவி திரையையும் வரைய வேண்டும். வன்பொருளை வடிவமைத்த ஜிம் வெஸ்ட்வுட் செய்த வேலையைப் பாருங்கள். திரையில் வர வேண்டிய எழுத்துகளை, ஏதோ புரோகிராம் போல, சிப்பை வரிசையாகப் படிக்க வைக்கிறார். அது ஒவ்வொரு எழுத்தைப் படிக்கும்போதும் வெளியே உள்ள சுற்று அந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டு, சிப்பிடம் 'ஒன்றும் செய்யாதே' என்ற கட்டளையை நீட்டுகிறது. அப்புறம், நினைவகத்தைப் புதுப்பிக்க என்று இசட்80க்குள் வைத்திருந்த வசதி இருக்கிறதே, அதை வைத்து எழுத்தின் புள்ளி வடிவத்தை ராமிலிருந்து (எழுதி அழிக்கக்கூடிய நினைவகம்) அல்ல, ரோமிலிருந்து (மாற்ற முடியாதபடி பதித்த நினைவகம்) எடுத்துக்கொள்கிறது. ஸைலாக் வேறு எதற்கோ வைத்ததை இவர் படம் வரையப் பயன்படுத்திவிட்டார். முதல்முறை இது புரிந்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இதற்கு ஒரு விலையும் உண்டு. பழைய மெஷினைப் போலவே நடந்துகொள்ளும் புரோகிராமான எமுலேட்டரில் ஓட்டிப் பாருங்கள்: ஒவ்வொரு விசையை அழுத்தும்போதும் திரை ஒரு கணம் கலைந்து திரும்பும். விசையைக் கவனிக்கப் போனால் வரைய ஆளில்லை. இருந்த நினைவகமோ வெறும் 1 கேபி, அதாவது 1,024 பைட். 32 எழுத்து வீதம் 24 வரி நிரப்பினால் எழுத்துகளுக்கே 768 பைட் போய்விடும். அதனால் வரியில் எத்தனை எழுத்து இருக்கிறதோ அத்தனைக்கு மட்டும் இடம் ஒதுக்கினார்கள்.

நூறு பவுண்டுக்குள் முடிந்தது இப்படித்தான். கடையில் எல்லாருக்கும் கிடைக்கிற சிப், அதன் மேல் ஒரு மனிதரின் மூளை. இசட்80க்குள் ஓர் எக்ஸைச் செருகி எழுதியதை நான் அப்படித்தான் படிக்கிறேன்.

அடுத்த ஆண்டு இசட்எக்ஸ்81 வந்தது. அதிலும் இதே உத்திதான், திரை கலைவதை மட்டும் சரிசெய்தார்கள். 1982இல் இவர்களின் அடுத்த கம்ப்யூட்டரான ஸ்பெக்ட்ரம் வந்தபோது படம் வரையும் வேலை யூஎல்ஏ என்ற தனிச் சிப்புக்குப் போய்விட்டது. ஆனால் அதன் முழுப்பெயர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம். 80 போய்விட்டது, எக்ஸை எடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை.