மாமாவின் செக்குக் கூரையும் ரெண்டு வட்டியும்

போன வருசம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டோம். மொத்தச் செலவு 2 லட்சம். ஒன்றிய அரசின் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் வந்தது. மிச்சத்துக்கு வங்கியில் 7 சதவீத வட்டிக்குக் கடன். அடமானம் கேட்கவில்லை. சம்பளச் சீட்டைப் பார்த்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள், பத்து நாளில் வேலை முடிந்தது.

அதைப் பார்த்துவிட்டு என் தாய்மாமாவும் ஆசைப்பட்டார். காங்கேயம் பக்கம் மரச்செக்கும் மாவு மில்லும் வைத்திருக்கிறார். கரண்ட் பில் மாதம் 7,000 ரூபாய்க்குக் குறையாது. செக்குக் கொட்டகையின் கூரை முழுக்க வெயில். 8 கிலோவாட் போட நாலரை லட்சம் ஆகும் என்றார்கள். அந்த மானியம் வீடுகளுக்கு மட்டும்தான், தொழிலுக்குக் கிடையாது. வங்கிக்குப் போனார். மூன்று வருச வருமான வரிக் கணக்கு கேட்டார்கள், அவரிடம் இல்லை. இடத்தைக் காட்டலாம் என்றால் கூட்டுப் பட்டா, அண்ணன் தம்பி நாலு பேர் பெயர் அதில் இருக்கிறது. நாலு முறை அலைந்துவிட்டு, ஊரில் ரெண்டு வட்டிக்குக் கிடைக்குமா என்று விசாரித்தார். நாலரை லட்சத்துக்கு ரெண்டு வட்டி என்றால் மாதம் 9,000. பில்லே 7,000தான்.

"ஏன் மாப்ளே, உனக்கு அடிக்கிற வெயில்தானே எனக்கும் அடிக்குது?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் இந்தப் பதிவை எழுத வைத்தது.

அன்று இரவு உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். மானியத்தை விட்டுவிடுவோம். 3 கிலோவாட் பேனல் நம் ஊர் வெயிலில் வருசத்துக்குச் சுமார் 4,300 யூனிட் தரும். 2 லட்சத்தை 20 வருசத்தில் சம தவணையாகக் கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். வட்டி 3 சதவீதம் என்றால் ஒரு யூனிட் 3 ரூபாய் 10 பைசா சொச்சம். 7 சதவீதம் என்றால் 4 ரூபாய் 40 பைசா. 10 சதவீதம் என்றால் ஐந்தரை ரூபாய். ரெண்டு வட்டி, அதாவது வருசம் 24 சதவீதம் என்றால் 11 ரூபாய் 30 பைசா. அதே பேனல், அதே கூரை, அதே சூரியன்!

"சூரிய மின்சாரம் நிலக்கரியைவிட மலிவாகிவிட்டது, இனி எல்லாம் தானாக மாறிவிடும்" என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: யாருக்கு மலிவு?

தண்ணீர் லாரியையும் ஆழ்துளைக் கிணற்றையும் நினைத்துப் பாருங்கள். லாரித் தண்ணீருக்குத் தினம் தினம் காசு கொடுக்கலாம். போர் போட வேண்டுமென்றால் முழுப் பணமும் முதலிலேயே வேண்டும். ஒரு பழைய அனல் மின் நிலையத்தின் செலவில் பெரும்பகுதி நிலக்கரி, எரிக்க எரிக்கக் கொடுக்கிற காசு. காற்றாலைக்கும் சோலாருக்கும் எரிபொருள் செலவே இல்லை, ஆனால் 25 வருச மின்சாரத்துக்கான பணத்தை முதல் நாளே கொட்டியாக வேண்டும். அதனால் இங்கே வட்டிதான் எரிபொருள். வட்டி கூடினால் நிலக்கரி விலை கூடினது மாதிரி.

இது கொங்கு மண்டலத்து மில்காரர்களுக்கு முப்பது வருசத்துக்கு முன்பே தெரியும். தொண்ணூறுகளில் ஆரல்வாய்மொழியிலும் முப்பந்தலிலும் அவர்கள் காற்றாலை வாங்கிப் போட்டது ஏன்? முதல் வருசமே 100 சதவீதத் தேய்மானம் காட்டலாம், அதாவது காற்றாலையின் முழு விலையையும் செலவாக லாபத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று வருமான வரிச் சட்டம் இடம் கொடுத்தது. இப்போது கட்ட வேண்டிய வரியைத் தள்ளிப்போட்டால், அது அரசாங்கம் வட்டியில்லாமல் கொடுத்த கடன்தானே? பின்னால் அது 80 சதவீதமாகக் குறைந்தது. 2012 ஏப்ரலில் அந்தச் சலுகையையும் வெட்டினார்கள், உற்பத்திக்கான ஊக்கத்தொகையும் அப்போதே நின்றது. முந்தைய வருசம் நாடு முழுக்கச் சுமார் 3,200 மெகாவாட் காற்றாலை புதிதாக வந்திருந்தது. அடுத்த வருசம் சுமார் 1,700 ஆகச் சரிந்தது. ஆடிக் காற்று அந்த வருசமும் வீசத்தான் செய்தது.

பணக்கார நாட்டிலும் இதே கதைதான். அமெரிக்க மத்திய வங்கி 2022 தொடக்கத்தில் பூஜ்யத்தை ஒட்டியிருந்த வட்டியை 2023க்குள் 5 சதவீதத்துக்கு மேல் ஏற்றியது. அந்த ஆண்டு இறுதியில் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் நிறுவனம் நியூஜெர்சிக் கடலில் போடவிருந்த இரண்டு பெரிய காற்றாலைத் திட்டங்களைக் கைவிட்டது. உதிரிபாகத் தாமதமும் இருந்தது, ஆனால் அவர்கள் சொன்ன காரணங்களில் வட்டி ஏற்றமும் முக்கியமானது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்த நிலை என்றால், ஆப்பிரிக்காவில் ஒரு சின்ன நாடு எந்த வட்டிக்குக் கடன் வாங்கி நிலக்கரியை விடும்?

2009இல் கோபன்ஹேகனில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டில், 2020க்குள் ஏழை நாடுகளுக்கு வருசம் 10,000 கோடி டாலர் திரட்டித் தருவோம் என்று பணக்கார நாடுகள் சொன்னன. அந்தத் தொகையை முதன்முதலாக எட்டியது 2022இல். அதிலும் பெரும்பகுதி கடன். 2024இல் பாகுவில் கூடிய அதே மாநாட்டில் 2035க்குள் வருசம் 30,000 கோடி டாலர் என்று முடிவானபோது இந்தியப் பிரதிநிதி அந்த மேடையிலேயே எதிர்த்தார். எதிர்த்தது சரி என்றே நினைக்கிறேன். தொகை போதாது என்பது ஒரு பக்கம். எந்த வட்டிக்கு என்று யாரும் உரக்கக் கேட்பதில்லையே என்பதுதான் எனக்கு ஆதங்கம்.

வெளிநாட்டை மட்டும் குறை சொல்லி நாம் தப்பிக்க முடியாது. 2010களில் நம் மின்வாரியம் காற்றாலைக்காரர்களுக்குத் தர வேண்டிய பணம் ஒரு வருசத்துக்கும் மேலாக நிலுவையில் நின்ற காலம் உண்டு. பணம் எப்போது வரும் என்று தெரியாத தொழிலுக்கு எந்த வங்கி குறைந்த வட்டி போடும்? வாரியம் தாமதித்த ஒவ்வொரு மாதமும் அடுத்து வரும் காற்றாலையின் யூனிட் விலையில் ஏறி உட்கார்ந்திருக்கும். மின்வாரியத்தின் கடனைச் சரிசெய்வதும் பருவநிலைக்கான வேலைதான் என்று நான் சொன்னால் நண்பர்கள் விசித்திரமாகப் பார்க்கிறார்கள்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். மாமாவிடம் வருமான வரிக் கணக்கு இல்லை. ஆனால் 22 வருச கரண்ட் பில் இருக்கிறது, ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. மாதம் 7,000 ரூபாயை இருபது வருசமாக ஒழுங்காகக் கட்டுகிறவர் அந்த 7,000-ஐக் கடன் தவணையாகக் கட்ட மாட்டாரா? அந்த பில்லையே சான்றாக வைத்துக் கடன் கொடுக்கட்டும். தவணையைக் கரண்ட் பில்லோடு சேர்த்து வசூலிக்கட்டும். கட்டாமல் போகிற சிலருக்காக அரசு ஒரு ஜாமீன் நிதி வைக்கட்டும். மானியத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை இப்படி ஜாமீனுக்குத் திருப்பினால், மில், செக்கு, சலவைக் கடை, பேக்கரி என்று எத்தனையோ கூரைகளுக்கு பேனல் ஏறும். இப்போது மானியமும் குறைந்த வட்டியும் சேர்ந்து போவது என்னைப் போல மாதச் சம்பளம் வாங்கும் ஆட்களுக்குத்தான். அது எனக்கே உறுத்துகிறது.

மாமா இப்போது தனிப் பட்டாவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். அண்ணன் தம்பிகளில் ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், இன்னும் ஒருவர் பாக்கி. அடுத்த மாதம் சர்வேயர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.