இதற்குப் பெயர் தாமதம் இல்லை

2019 ஜூலையில் சான் டியாகோ காமிக்-கான் என்ற ரசிகர் திருவிழாவின் மேடையில் ஹாலிவுட் நடிகர் மஹெர்ஷலா அலி ஒரு தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். அதில் 'பிளேடு' என்று எழுதியிருந்தது. ரத்தக்காட்டேரிகளை வேட்டையாடும் அந்த மார்வெல் பாத்திரமாகப் புதிய படத்தில் அவர் நடிக்கப்போகிறார் என்று அர்த்தம். அரங்கம் அதிர்ந்தது. அன்று அவருக்கு வயது 45. இரண்டாவது ஆஸ்கர் விருதைப் பெற்று ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. அந்தக் காணொளியை நான் எத்தனை முறை போட்டுப் பார்த்தேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

இப்போது அவர் ஐம்பதைத் தாண்டிவிட்டார். படப்பிடிப்பு ஒரு நாள்கூட நடக்கவில்லை. பிளேடாக அவர் இதுவரை செய்ததெல்லாம், 2021-இல் வந்த 'எடர்னல்ஸ்' படம் முடிந்து பெயர்கள் ஓடிய பிறகு ஒரே ஒரு வாக்கியம் பேசியதுதான். அதிலும் முகம் தெரியாது, குரல் மட்டும்.

இதைத் 'தாமதம்' என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. மழை பெய்து பஸ் பிந்தி வந்தால் அது தாமதம். இங்கே நடந்தது வேறு.

முதல் வெளியீட்டுத் தேதி 2023 நவம்பர் 3. அது 2024 செப்டம்பர் 6 ஆயிற்று. பிறகு 2025 பிப்ரவரி 14, அதன் பிறகு 2025 நவம்பர் 7. கடைசியில் 2024 அக்டோபரில் படத்தை நாட்காட்டியிலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஹாலிவுட் வேலைநிறுத்தங்கள்தான் காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். எழுத்தாளர்கள் 2023 மே மாதத்திலும் நடிகர்கள் ஜூலையிலும் வேலையை நிறுத்தினார்கள். அவர்கள் கேட்டது நியாயமான கூலி, நான் முழுக்க அவர்கள் பக்கம். ஆனால் முதல் இயக்குநர் பாஸாம் தாரிக் விலகியது 2022 செப்டம்பரில். அப்போது வேலைநிறுத்தப் பேச்சே இல்லை. அடுத்து வந்த யான் டெமாஞ்ச் விலகியது 2024 ஜூனில், நடிகர்கள் வேலைக்குத் திரும்பி ஏழு மாதம் ஆன பிறகு. எழுத்தாளர்களையோ எண்ணி மாளாது. ஒருவர் எழுதியதை அடுத்தவர் திருத்த, அதை இன்னொருவர் முதலிலிருந்து எழுத என்று போய்க்கொண்டே இருந்தது.

தாரிக் போனபோது மார்வெல் தானாகவே சொன்ன காரணத்தைக் கவனியுங்கள்: தயாரிப்பு அட்டவணை தொடர்ந்து மாறிக்கொண்டிருந்ததாம். அட்டவணையைப் போட்டது யார்? கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கட்டி, முகூர்த்தம் குறித்து, பத்திரிகையும் அடித்துக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு பெண் பார்க்கக் கிளம்பினால் அந்தக் கல்யாணம் எப்படி நடக்கும்? கதை முடிவாகும் முன்பே தேதி முடிவாகிவிடுகிறது. அதன் பிறகு வருகிற ஒவ்வொரு படைப்பாளியும் அந்தத் தேதிக்குத் தன்னை வெட்டிச் சுருக்கிக்கொள்ள வேண்டும், முடியாவிட்டால் வெளியே போக வேண்டும்.

இது புதிய நோயும் இல்லை. இயக்குநர் எட்கர் ரைட் மார்வெலின் 'ஆன்ட்-மேன்' படத்தை மனத்தில் சுமந்த காலத்தை நினைத்தாலே எனக்கு நெஞ்சு கனக்கிறது. ஜோ கார்னிஷுடன் சேர்ந்து அவர் அதன் கதையை எழுதத் தொடங்கியபோது மார்வெல் ஸ்டூடியோ சொந்தமாக ஒரு படம்கூட எடுத்திருக்கவில்லை. 2006 காமிக்-கானில் அவர்தான் இயக்குநர் என்று அறிவித்தார்கள். 2012-இல் சோதனைக் காட்சி ஒன்றைப் படம்பிடித்து ரசிகர்களுக்குக் காட்டினார். 2014 மே மாதம், படப்பிடிப்பு வாசலில் நிற்கும்போது, விலகினார். அவருடைய திரைக்கதையை அவர் இல்லாமலே வேறு கைகளில் கொடுத்துத் திருத்தி எழுத வைத்ததுதான் காரணம் என்று பின்னாளில் அவரே சொன்னார். தான் மார்வெல் படம் எடுக்க விரும்பியதாகவும், அவர்களுக்கு எட்கர் ரைட் படம் தேவைப்படவில்லை என்று நினைப்பதாகவும் அவர் சொன்னதைப் படித்த அன்று வெகுநேரம் தூக்கம் வரவில்லை. 2015 ஜூலையில் பெய்டன் ரீட் இயக்கத்தில் படம் வந்தது. உலகம் முழுவதும் 50 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. நல்ல படம்தான், நானும் சிரித்துக்கொண்டேதான் பார்த்தேன். ஆனால் எட்டு ஆண்டுகளுக்கும் மேலாக ஒருவர் கனவு கண்ட அந்த இன்னொரு படத்தை இனி யாரும் பார்க்கப்போவதில்லை.

எல்லாப் படங்களும் ஒரே கதையுலகில் பொருந்த வேண்டும், கோடிக்கணக்கான டாலர் போடுகிறோம், எங்களுக்குப் பொறுப்பு இல்லையா என்று ஸ்டூடியோ கேட்கலாம். கேட்கட்டும். மோசமான படத்தை அவசரமாக வெளியிடாமல் நிறுத்தியதையும் நான் மதிக்கிறேன். ஆனால் தனித்த குரல் உள்ளவரை அந்தக் குரலுக்காகவே தேடிப் பிடித்து அழைத்து வந்து, பிறகு அந்தக் குரலையே தணிக்கச் சொல்வது எந்தப் பொறுப்பில் சேரும்?

பிளேடு விஷயத்தில் எனக்குக் கூடுதலாக வலிக்கக் காரணம் உண்டு. மார்வெல் 1996 இறுதியில் திவால் மனு கொடுத்த நிறுவனம். அதன் பாத்திரங்களைத் திரையில் நம்பிப் பார்க்கலாம் என்று காட்டியது 1998-இல் வெஸ்லி ஸ்னைப்ஸ் நடித்த 'பிளேடு'. எக்ஸ்-மென்னும் ஸ்பைடர்மேனும் அதற்குப் பிறகு வந்தவர்கள். அந்தப் பாத்திரத்தை 1973-இல் உருவாக்கியவர்கள் எழுத்தாளர் மார்வ் உல்ஃப்மனும் ஓவியர் ஜீன் கோலனும். உரிமை கேட்டு உல்ஃப்மன் நீதிமன்றம் போனார், தோற்றார். பிறந்த நாளிலிருந்தே தன்னைப் படைத்தவர்களை இழந்துகொண்டிருக்கும் பாத்திரம் இது.

புதிய 'பிளேடு' 1920களில் நடப்பதாக ஒரு கட்டத்தில் திட்டம் இருந்தது. ஆடை வடிவமைப்பாளர் ரூத் கார்ட்டர் அந்தக் காலத்து உடைகளைக் கிடங்கு நிறையச் சேர்த்து வைத்திருந்தார். நடிகர் பட்டியலில் டெல்ராய் லிண்டோவும் இருந்தார். படம் நகரவில்லை. அப்போது இயக்குநர் ரையன் கூக்ளர் தன் சொந்தக் கதை ஒன்றை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோக்களிடம் போனார். 1932-இல் மிசிசிப்பி, கறுப்பின மக்களின் இசைக்கூடம், இரவில் கதவைத் தட்டும் ரத்தக்காட்டேரிகள். இறுதிப் படத்தொகுப்பு தன் கையில் இருக்க வேண்டும், 25 ஆண்டுகளுக்குப் பிறகு படத்தின் உரிமை தனக்கே திரும்ப வேண்டும் என்று கேட்டு வாங்கினார். 2024 தொடக்கத்தில் ஒப்பந்தம், சில மாதங்களில் லூசியானாவில் படப்பிடிப்பு, 2025 ஏப்ரல் 18 அன்று 'சின்னர்ஸ்' திரையரங்கில். பிளேடுக்குக் கடைசியாகக் குறித்திருந்த தேதி வருவதற்கு முன்பே கூக்ளர் ஒரு முழுப் படத்தையே முடித்து வெளியிட்டுவிட்டார். லிண்டோ அதில் நடித்தார். உடை வடிவமைத்தவர் அதே ரூத் கார்ட்டர். பிளேடுக்காகச் சேர்த்த உடைகளை மார்வெலிடமிருந்து விலைக்கு வாங்கிப் பின்னணி நடிகர்களுக்கு அணிவித்தார்கள்.

இந்தச் செய்தியைப் படித்துவிட்டு 'சின்னர்ஸ்' படத்தை இரண்டாவது முறை பார்க்கப் போனேன். இசைக்கூடத்தில் எல்லோரும் சேர்ந்து ஆடும் அந்த நீண்ட காட்சி வந்தபோது, என் கண் கதாநாயகனிடம் போகவில்லை. பின்னால் ஆடிக்கொண்டிருந்தவர்களின் சட்டைகளையும் தொப்பிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.