‘பிளாக் ஸ்வான்’: அந்த 5 சதவீதக் கணக்கு

“பாலே நடனப் படமான ‘பிளாக் ஸ்வானில்’ நாயகி நடாலி போர்ட்மேன் ஆடியது வெறும் 5 சதவீதம், மீதி எல்லாம் டூப்” என்று ஒரு தகவல் சுற்றுகிறது. பாதி கேட்டுவிட்டுச் சொன்ன கணக்கு அது.

2011-இல் அந்த எண்ணைச் சொன்னவர் டூப்பாக ஆடிய சாரா லேன், அமெரிக்கன் பாலே தியேட்டர் என்ற நடனக் குழுவின் கலைஞர். தலை முதல் கால் வரை தெரியும் ஷாட்களைப் பற்றி மட்டுமே அவர் பேசினார். இயக்குநர் டேரன் அரோனோஃப்ஸ்கியோ எல்லா நடன ஷாட்களையும் எடிட்டரை எண்ணச் சொன்னார்: மொத்தம் 139, அதில் 111 போர்ட்மேன், 28 லேன். ஆளுக்கொரு அளவுகோல், சண்டை வராமல் என்ன செய்யும்?

படத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கேமரா பெரும்பாலும் மார்புக்கு மேலேயே நிற்கும். கழுத்து, தோள், சிறகு போல அசையும் கைகள். அதெல்லாம் போர்ட்மேன். கால் நுனியில் நின்று சுழலும் கடினமான அகல ஷாட்களில் உடல் லேனுடையது, சிலவற்றில் முகம் மட்டும் கிராஃபிக்ஸில் மாற்றியது.

பாலே தெரிந்தவர்கள் முகம் சுளித்ததும் மற்றவர்கள் சொக்கிப்போனதும் இதனால்தான். முன்னவர்கள் பாதத்தைப் பார்த்தார்கள், பின்னவர்கள் முகத்தை. அப்புறம், போர்ட்மேனுக்கு ஆஸ்கார் கிடைத்தது நடிப்புக்கு. லேனை இன்னும் தாராளமாகப் பாராட்டியிருக்கலாம் என்பது வேறு விஷயம், அதில் நான் லேன் பக்கம்.