செத்தவையின்ர பேருக்குள்ள என்ன புதிர் தேடுறியள்?

அமெரிக்கப் பாடகர் ஜிம் கரோல் 1980இல வெளியிட்ட 'கத்தோலிக் பாய்' இசைத்தட்டில 'பீப்பிள் ஹூ டைட்' எண்டு ஒரு பங்க் பாட்டு, வேகமான ராக் பாட்டு, இருக்கு. செத்துப்போன கூட்டாளிமாரின்ர பேர் வரிசை. அவ்வளவுதான். கிளிநொச்சியில எந்தத் தேத்தண்ணிக்கடையில அதைப் போட்டாலும் உடன விளக்கம் தொடங்கிடும். சாவைக் கொண்டாடுதாம். தற்கொலைக்குக் கூப்பிடுதாம். கூரை எண்டா வானமாம், ரயில் எண்டா காலமாம்!

ஐயோ, கூரை எண்டா கூரைதான். போதைக்குப் பசை மோந்த 12 வயசுப் பெடியன் அதில இருந்து விழுந்தான். ஒருத்தனுக்கு லுக்கேமியா, இரத்தப் புற்றுநோய். ஒருத்தனுக்கு வியட்நாமில தலையில துவக்குச் சூடு. ஒருத்தி சுரங்க ரயிலுக்கு முன்னால பாஞ்சாள். ஒவ்வொருத்தருக்கும் ஒண்டு ரெண்டு வரி, பிறகு எல்லாரும் என்ர கூட்டாளிமார், செத்திட்டினம் எண்ட பல்லவி. இதில எங்க குறியீடு?

ஃபோன் ஸ்பீக்கரில ட்ரம்ஸும் பல்லவியும்தான் மேல கேக்கும், பேருகள் வேகத்தில அமுங்கிடும். அதைக் கேட்டிட்டுத்தான் 'கொண்டாட்டம்' எண்டுறாங்கள். வேகம் எண்டா சந்தோசமோ? செத்தவீட்டுப் பறை மெதுவாவோ அடிக்கிறது? ஒப்பாரியில பேர் சொல்லி அழுற மனுசிக்கு ஆராவது பொழிப்புரை எழுதினவையோ? மே 18இல முள்ளிவாய்க்கால் மண்ணில பேர் சொல்லிக் கதறுற சனத்துக்குப் பக்கத்தில வளந்த ஆக்களுக்கே விளங்கேல்லையெண்டா என்னத்தைச் சொல்ல?

எடி எண்டொருத்தன் வருவான். மற்ற எல்லாரையும்விட உன்னைத்தான் கூடத் தேடுறன் எண்டு பாடகர் நேரா அவனோடையே கதைக்கிறார். அந்த இடத்திலயாவது வாயை மூடிக்கொண்டு கேளுங்கோவன்!