காப்புரிமையில் இருக்கும் இரண்டு முகவரிகள்

"மருத்துவக் கருவிக் காப்புரிமை எந்த நாட்டு நிறுவனத்தின் பேரில் இருக்கிறதோ, கண்டுபிடிப்பும் அங்கேதான் நடந்தது" என்று சிலர் சொல்வதுண்டு. அப்படி எண்ணினால் கணக்கு தப்பும். அமெரிக்கக் காப்புரிமையின் முதல் பக்கத்தைப் பாருங்கள். உரிமை பெற்ற நிறுவனத்தின் ஊர் ஒரு வரியில், கண்டுபிடித்தவர்களின் ஊர் வேறொரு வரியில். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை.

மருத்துவக் கருவி நிறுவனமான மெட்ரானிக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2015இல் கோவிடியன் என்ற நிறுவனத்தை வாங்கியதும் சட்டப்படியான தலைமையகம் அயர்லாந்தின் டப்ளினுக்குப் போனது. வரி லாபத்துக்காகத்தான் என்று அப்போதே பலர் விமர்சித்தார்கள். அதற்காக ஆய்வுக்கூடங்கள் கப்பலேறிவிடவில்லை. செயல்பாட்டுத் தலைமையகம் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து மினியாபொலிஸிலேயே இருந்தது.

மினியாபொலிஸ் பகுதியில் மருத்துவக் கருவித் துறை குவிந்த கதை வேறு. மினசோட்டா பல்கலைக்கழக அறுவை மருத்துவர் லில்லஹை கேட்டார் என்று 1957இல் மெட்ரானிக்கை நிறுவியவர்களில் ஒருவரான ஏர்ல் பாக்கன், பாட்டரியில் இயங்கும் பேஸ்மேக்கரை (இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி) செய்து கொடுத்தார். மெட்ரானிக்கில் வேலை பார்த்த மேனி வில்லஃபானா வெளியே வந்து 1972இல் கார்டியாக் பேஸ்மேக்கர்ஸ், 1976இல் செயின்ட் ஜூட் மெடிக்கல் என இரண்டு நிறுவனங்களை அங்கேயே தொடங்கினார்.

அப்புறம், இப்படி ஒரு துறை ஓரிடத்தில் குவியப் பெருநகரம் வேண்டும் என்று நினைப்பதும் சரியில்லை. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள வார்சா சின்ன ஊர்தான். செயற்கை மூட்டுகளுக்குப் பேர்போன நிறுவனங்களான டிப்யூ 1895இலும் சிம்மர் 1927இலும் அங்கேதான் தொடங்கின.