ஸ்கெக்னஸ் லண்டனை விட ஆபத்தா?

'ஆயிரம் பேருக்கு எத்தனை குற்றம் என்று பாருங்கள், ஸ்கெக்னஸ் லண்டனை விட ஆபத்தான ஊர்' என்று ஒருவர் இணையத்தில் பதிவு போட்டிருக்கிறார். குற்ற எண்ணிக்கை சரியாகவே இருக்கட்டும், வகுத்த விதம்தான் தப்பு. இங்கிலாந்தின் கிழக்குக் கடற்கரையில் இருக்கும் அந்த ஊரில் வசிப்பவர்கள் சுமார் 20 ஆயிரம் பேர். கோடை வந்தால் பக்கத்து இங்கோல்ட்மெல்ஸ் வரை சுற்றுலா வருபவர்கள் தங்கும் கேரவன்கள் (வண்டி வீடுகள்) வரிசை வரிசையாக நிரம்பிவிடும். அந்தக் கூட்டத்தின் கைகலப்பும் கடைத் திருட்டும் கணக்கில் ஏறும். வகுக்கும்போது மட்டும் உள்ளூர்க்காரர்களால் வகுப்பார்கள். இதே கணக்கில் பார்த்தால், 2021இல் 9 ஆயிரம் பேர்கூட வசிக்காத, லண்டனின் நடுவில் இருக்கும் சிறிய நிதி வட்டாரமான சிட்டி ஆஃப் லண்டன் பயங்கரக் காடாகத் தெரியும். தினமும் அங்கே வேலைக்கு வந்துபோகும் லட்சக்கணக்கானவர்களை யார் சேர்ப்பது?

அப்புறம் போலீஸ் புள்ளிவிவரத்தில் வரும் அந்த 'வன்முறை மற்றும் பாலியல் குற்றங்கள்' தலைப்பு. காயமே படாத அடிதடி, மிரட்டல் மெசேஜ், தொடர் தொந்தரவு எல்லாம் அதில்தான் வரும். போலீஸின் குற்ற வரைபடத்தில் 'சூப்பர்மார்க்கெட் அல்லது அதன் அருகில்' என்று குவிந்திருக்கும் புள்ளியும் சம்பவம் நடந்த அதே இடம் அல்ல. பாதிக்கப்பட்டவர் யாரென்று தெரியக் கூடாது என்பதற்காக, பக்கத்தில் ஏற்கெனவே குறித்து வைத்த ஒரு புள்ளிக்கு நகர்த்திவிடுகிறார்கள். அதை வைத்து 'அந்தக் கடைப் பக்கம் போகாதீர்கள்' என்பதெல்லாம் ரொம்ப அதிகம்.