பெயருக்கு முன்னால் ஒரு கட்டம்

நேற்று இணையத்தில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் பதிவு செய்ய உட்கார்ந்தேன். பெயருக்கு முன்னால் ஒரு கட்டம். ஆணுக்குத் 'திரு' போதுமாம். எனக்கு மட்டும் 'திருமதி', 'செல்வி' இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காலியாக விட்டால் 'கட்டாயம் நிரப்பவும்' என்று சிவப்பு எழுத்தில் அதட்டுகிறது. கணக்குப் பதிவியல் கற்றுக்கொள்ள வந்தவளுக்குத் திருமணம் ஆனதா இல்லையா என்று எதற்குத் தெரிய வேண்டும்?

பெண்ணின் திருமண நிலையைச் சொல்லாத 'Ms.' என்ற ஆங்கில முன்னொட்டை ஓர் அமெரிக்க நாளிதழ் 1901இலேயே முன்மொழிந்தது. நியூயார்க் டைம்ஸ் அதை 1986இல் ஏற்றுக்கொண்டது. நம்மிடம் இருபாலருக்கும் பொருந்தும் 'திருமிகு' இருக்கிறது. படிவம் தயாரிப்பவர்கள் கண்ணில்தான் படுவதில்லை.

அலுவலக மின்னஞ்சல் இன்னும் மோசம். என் பெயரும் பதவியும் அடியில் தெளிவாக இருக்கும். பதிலோ 'அன்புள்ள ஐயா' என்று தொடங்கும். போன வாரம் கேள்வி கேட்டது நான். விளக்கம் போனது, நகலில் இருந்த ஆண் சக ஊழியருக்கு. அவர் என்னைவிட இரண்டு வருடம் இளையவர். 'கேட்டது நான்தான்' என்று ஒற்றை வரி எழுதினேன். 'கோபப்படாதீர்கள் மேடம்' என்று பதில் வந்தது. கேட்ட கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை.